தொட்டி காலியாகவே இருக்கட்டும்

ஆஸ்திரேலியாவில் யூட் என்ற, பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்அப் வண்டியை வாங்குகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: வீட்டு வேலைக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும். சனிக்கிழமை காலையில் தோட்டத்தில் வெட்டிப்போட்ட கிளைகளைக் குப்பை நிலையத்தில் கொட்டிவிட்டு, வருகிற வழியில் வேலிக்கு வேண்டிய பலகையும் நாலு மூட்டை சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு வரலாம். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அதே வண்டியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு கடற்கரை மணலுக்கோ மலைத் தடத்துக்கோ கிளம்பிவிடலாம். நியாயமான ஆசைதான். ஆனால் வாங்கி ஓரிரு வருஷம் ஆன வண்டிகளைப் பாருங்கள். முன்னால் இரும்பு புல்பார், அதற்குள் சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் ஒரு வின்ச். பின்தொட்டியின் மேல் பூட்டுப் போட்ட கூண்டு மூடி, அதாவது கேனப்பி. அதற்குள்ளே இழுப்பறை, பிரிட்ஜ், இரண்டாவது பாட்டரி. கூரையில் ராக், ராக்கின் மேல் மடித்து வைத்த கூடாரம். வெட்டிய கிளையைப் போட அதில் இடமே கிடையாது. அதற்கு டிரெய்லர் வாடகைக்கு எடுக்கிறார்கள்! இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்றால், முகாமுக்கான சாமான் எதுவும் அதில் நிரந்தரமாகக் குடியேறக் கூடாது என்பது என் கட்சி. பயணம் போகும்போது ஏற வேண்டும், வந்ததும் இறங்க வேண்டும். அலுப்பான யோசனை என்று தோன்றும். ஆனால் எடையைக் கூட்டிப் பார்க்கிற எவரும் இதற்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

யூட் பிறந்த கதையிலேயே இந்த இரட்டை வேலை இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி 1932-இல் ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டியாகச் செய்து தர முடியுமா என்று அவர் கேட்டாராம். கார் ஒன்று, லாரி ஒன்று என்று இரண்டு வாங்க வசதியில்லாத காலம். கீலாங் தொழிற்சாலையின் இளம் வடிவமைப்பாளர் லூ பேண்ட் போட்ட வரைபடத்திலிருந்து 1934-இல் அந்த வண்டி வெளிவந்தது. முன்பாதி கார், பின்பாதி வெறும் தொட்டி. அந்தத் தொட்டியில் இன்னது என்று எதையும் முன்கூட்டித் தீர்மானித்து வைக்கவில்லை என்பதால்தான் இரண்டு வேலையும் நடந்தது. பன்றி இறங்கிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுநாள் வைக்கோல் ஏறும்.

அந்தப் பரம்பரை உள்நாட்டில் முடிந்துவிட்டது. ஃபோர்டு 2016-லும் ஹோல்டன் 2017-லும் ஆஸ்திரேலியாவில் வண்டி செய்வதை நிறுத்தின. இப்போது யூட் என்ற பெயரில் ஓடுகிறவற்றில் பெரும்பான்மை தாய்லாந்தில் தயாராகி வருபவை. இரு நாடுகளுக்கும் 2005 முதல் வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் இறக்குமதி வரி இல்லை. 2016 முதல் 2022 வரை நாட்டிலேயே அதிகம் விற்ற வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2023-லும் 2024-லும் அந்த இடம் ஃபோர்டு ரேஞ்சருக்குப் போனது. கார்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இவற்றில் அதிகம் போவது நான்கு கதவும் ஐந்து இருக்கையும் கொண்ட இரட்டைக் கேபின் வகை. நம் ஊரில் பிக்அப் என்றால் லோடு வண்டி, முன்னால் டிரைவரும் ஒரு ஆளும்தான். இங்கே அதுதான் குடும்ப வண்டி. பின்னிருக்கைக்குக் கொடுத்த இடம் தொட்டியிலிருந்து எடுத்த இடம், அதனால் தொட்டியின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டராகச் சுருங்கிவிட்டது. 2.4 மீட்டர் பலகையைப் போட்டால் பின்கதவைத் திறந்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டியிருக்கிறது. இருக்கிற இடமே இவ்வளவுதான்.

இனி எடைக்கு வருவோம். இவற்றை 'ஒரு டன் யூட்' என்று அழைப்பது வழக்கம். பரவலாக விற்கும் இரட்டைக் கேபின் டீசல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் வெற்று எடை 2,100 கிலோவை ஒட்டி இருக்கும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 950 கிலோ. டீசல் டேங்க் நிரம்பிய நிலையில் எடுத்த எடைதான் வெற்று எடை, ஆனால் அதில் ஆட்கள் சேரவில்லை. பெரியவர்கள் இருவர், வளர்ந்த பிள்ளைகள் இருவர் ஏறினால் 280 கிலோ போயிற்று. இரும்பு புல்பார் 70, வின்ச் 30, கேனப்பி 120, இழுப்பறைகள் 70, ராக்கும் கூரைக் கூடாரமும் 100, பிரிட்ஜும் பாட்டரியும் வயரிங்கும் 60. ஒவ்வொன்றிலும் இலேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. நான் நடுத்தரமாகவே போட்டிருக்கிறேன். இதுவரை 730. தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, கணக்குப் போடவே வேண்டாம். சாப்பாடு, அடுப்பு, கேஸ், நாற்காலி, மேசை, துணிமணி, மணலில் சிக்கினால் இழுக்கும் கயிறும் பலகைகளும், கருவிப்பெட்டி, உபரி டீசல் ஒரு கேன் எல்லாம் சேர்ந்து 130 என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு. மொத்தம் 920. நாயை ஏற்றினால் எல்லை.

இந்தக் கூட்டலில் நான் கவனிக்கச் சொல்வது கடைசித் தொகையை விட நடுவில் இருக்கும் ஒரு தொகையை. புல்பார் முதல் பாட்டரி வரை திருகி மாட்டியவை மட்டும் 450 கிலோ. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் விடும்போதும், பால் வாங்கப் போகும்போதும் அந்த 450 கூடவே போகிறது. ஒரு டன் வண்டி என்று காசு கொடுத்து வாங்கியதில் ஏறக்குறைய பாதி அங்கேயே கரைந்துவிட்டது. இரண்டு பேர் ஏறினால் மீதி 340 கிலோ. இங்கே சிமென்ட் மூட்டை 20 கிலோ, பதினேழு மூட்டையோடு கதை முடிந்தது. அதையும் இழுப்பறைக்கு மேலே, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அடுக்க வேண்டும். தோட்டத்துக்கு மரத்தூள் வாங்கினால் கடைக்காரர் இயந்திரக் கையால் அள்ளி மேலிருந்து கொட்டுவார், கேனப்பி போட்ட வண்டியில் கொட்ட வாய் இல்லை. கூரைக் கூடாரத்தோடு வண்டியின் உயரம் 2.2 மீட்டரைத் தொடும், கடைவளாகங்களின் மூடிய வாகன நிறுத்தங்கள் பலவற்றில் உயர வரம்பு அதைச் சுற்றித்தான் இருக்கும். ஆக, முகாம் வண்டியாக்கும் முயற்சியில் முதலில் அடிபடுவது அன்றாட வேலை.

அன்றாட வேலை போனால் போகட்டும், காட்டுக்காவது உதவுகிறதே என்பீர்கள். அங்கேதான் இன்னும் பெரிய சிக்கல். மண்சாலையிலும் மணலிலும் எடைதான் முதல் எதிரி. வண்டியின் திறமை என்று விளம்பரத்தில் காட்டுவது எல்லாம் வெற்று வண்டியின் திறமை. குயின்ஸ்லாந்தின் கேகாரி உலகின் மிகப் பெரிய மணல் தீவு. அங்கே 75 மைல் கடற்கரைதான் நெடுஞ்சாலை, தீவுக்குள்ளே போகும் தடங்கள் முழுக்க மென்மணல். அங்கே போகிறவர்கள் சாலையில் 36, 38 psi என்று இருக்கும் டயர் காற்றை 18-க்கோ அதற்கும் கீழேயோ இறக்கிக்கொள்கிறார்கள். டயர் தரையில் நீளமாகப் படிந்து பாரத்தைப் பரப்புவதற்குத்தான் அது. வண்டியின் எடை கூடக் கூட இன்னும் காற்றை இறக்க வேண்டும், ஆனால் எடை கூடிய டயரில் காற்று குறையக் குறைய அதன் பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடேறும், ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டு பக்கமும் நெருக்கடி. வின்ச் இருக்கிறதே என்றால், திறந்த கடற்கரையில் கம்பியைக் கட்ட மரம் எங்கே?

சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடப்பது இந்த நாட்டு முகாம் பிரியர்களின் பெருங்கனவு. 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள், கிழக்கு முனையில் பேர்ட்ஸ்வில் பக்கம் சுமார் 40 மீட்டர் உயரத்தில் 'பிக் ரெட்'. மேற்கே மவுண்ட் டேரை விட்டால் பேர்ட்ஸ்வில் வரைக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் பங்க் கிடையாது. 80 லிட்டர் டேங்க் போதாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று பார்த்தாலும் நால்வருக்கு நான்கு நாளைக்கு 80 லிட்டர் தண்ணீர். தண்ணீரும் டீசலும் உயிர் காக்கும் எடை, அவற்றில் கைவைக்க முடியாது. வருஷம் முழுக்க மாட்டி வைத்திருக்கும் 450 கிலோ, இந்த உயிர் எடைக்கான இடத்தைத்தான் தின்கிறது.

எவ்வளவு எடை என்பதோடு அது எங்கே உட்கார்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரட்டைக் கேபினில் தொட்டியின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேலும் அதற்குப் பின்னாலும்தான் இருக்கிறது. பின்னால் கேரவன் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 3,500 கிலோ இழுக்கும் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 கிலோ, இணைப்புக் குண்டின் மேல் அழுத்தும். அந்த 350-உம் யூட்டின் பாரக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குண்டு பின் ஆக்ஸிலுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது, இரு ஆக்ஸிலுக்கும் இடையே 3.1 மீட்டர் என்று கணக்குப் போட்டால், முன்சக்கரங்களிலிருந்து 140 கிலோ தூக்கப்பட்டு, பின் ஆக்ஸிலில் 490 கிலோ ஏறுகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும் பங்கும் முன்னால் இருக்க, பாரம் எல்லாம் பின்னால். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்ஸில் வரம்பு மீறிப்போகிற வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன.

பின்பக்கம் தொய்கிறது என்றதும் பலர் தேடுவது காற்றுப்பை. லாரிகளில் இருப்பது போல யூட்டின் பின்னாலும் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்தான் பெரும்பாலும். பட்டையின் இரு முனைகளும் சேஸில் இரண்டு இடங்களில் பிடித்திருப்பதால் பாரம் பிரிந்து போகிறது. நடுவில் காற்றுப்பையைச் செருகி ஊதிவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் இப்போது பாரத்தில் ஒரு பெரும் பங்கு சேஸின் ஒரே புள்ளியில் ஏறுகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் கேரவனும் இழுப்பறையும் தண்ணீரும் தொங்குகின்றன. உள்நாட்டு மண்சாலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் குறுக்கே சிறு சிறு வரப்புகளாகச் செதுங்கிப் போயிருக்கும். அதில் மணிக்கணக்காக அதிர்ந்து, கடைசியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சேஸ் வளைகிறது. தொட்டிக்கும் கேபினுக்கும் இடையிலான சந்து மேலே விரிந்தும் கீழே குறுகியும் நிற்கும் யூட்டின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பழி வண்டி செய்தவர் மேல் போடப்படும். கணக்குப் போட்டால் பாதி வேளை பாரம் ஏற்றியவர் பக்கம்தான் சாயும்.

இதற்கு வருகிற மறுப்புகளில் வலுவானது நேரத்தைப் பற்றியது. வேலை முடிந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் ஒன்றரை மணி நேரம் சாமான் ஏற்ற மாட்டார், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் மாட்டியே இருந்தால் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம், அதனால்தான் பயணமே நடக்கிறது என்கிறார்கள். மனித சுபாவம் தெரிந்த வாதம் இது, சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் சாமான் வண்டியில் இல்லாததால் வருவதைக் காட்டிலும், வீட்டில் சிதறிக் கிடப்பதால்தான் வருகிறது. சமையலுக்கு ஒரு பெட்டி, கருவிக்கும் இழுகயிற்றுக்கும் ஒரு பெட்டி, படுக்கைக்கு ஒன்று என்று ஒருவர் தூக்கக்கூடிய எடையில் மூடி போட்ட பெட்டிகளாகக் கட்டி, கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரே அலமாரியில் வைத்தால் ஏற்றிக் கட்டுவது கால் மணி நேர வேலை. பிரிட்ஜுக்குத் தொட்டியில் ஒரு மின்செருகி மட்டும் இழுத்து வைத்தால் போதும். வயரின் எடை ஒரு பொருட்டில்லை. கூரைக் கூடாரத்துக்குப் பதில் ஸ்வாக். மெத்தையோடு சுருட்டிக் கட்டும் கித்தான் படுக்கை, மந்தை ஓட்டிகள் காலத்திலிருந்து இந்த நாட்டில் புழங்குவது, ஒற்றை ஆள் ஸ்வாக் 15 கிலோ அளவில்தான் இருக்கும். நால்வர் குடும்பத்துக்கு ஸ்வாக்கை விட இலேசான தரைக் கூடாரமே மேல். கூரைக் கூடாரக்காரருக்கு ஒரு தொல்லையும் உண்டு: காலையில் பால் வாங்க வண்டியை எடுக்க வேண்டுமென்றால் படுக்கையறையை மடிக்க வேண்டும்.

தூசியையும் திருட்டையும் பற்றிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. திறந்த தொட்டியில் செம்மண் தூசி ரொட்டி வரைக்கும் போகும். தச்சரும் எலக்ட்ரீஷியனும் கருவிகளைத் தெருவில் நிறுத்திய வண்டியில் திறந்து போட முடியாது. அவர்களுக்குக் கேனப்பி தொழில் தேவை, தினமும் அதற்கு வேலை இருக்கிறது. மற்றவர்களுக்குத் தொட்டியை மூடும் மெல்லிய கித்தான் விரிப்போ சுருள் மூடியோ போதும். வேண்டாதபோது சுருட்டி ஒதுக்கினால் தொட்டி திரும்பக் கிடைக்கிறது. புல்பார் விஷயத்திலும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் கிராமச் சாலைகளில் வாரம் தவறாமல் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். புறநகரில் இருந்துகொண்டு வருஷத்துக்குச் சில முறை வெளியே போகிறவர், இருட்டிய பின் ஓட்டாமல் இருந்தே அந்த ஆபத்தில் பெரும் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளலாமே என்பது அடுத்தது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, பொறியாளர் சான்று வாங்கி, சில ஆயிரம் டாலர் கொடுத்தால் காகிதத்தில் சில நூறு கிலோ கூடும். மாதக்கணக்காகச் சாலையிலேயே குடித்தனம் நடத்தப் போகிறவர்களுக்கு இது சரியான வழி. வரம்பு மீறி ஓட்டி, விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஸ்பிரிங் மாறியது, சேஸ் மாறவில்லை, என்ஜின் மாறவில்லை. வண்டியும் இழுவையும் சேர்ந்த கூட்டு எடை வரம்பும் பல சமயம் பழையபடியே நிற்கும். மேலும், லீஃப் ஸ்பிரிங்கை எப்போதும் இருக்கும் பாரத்துக்கு ஏற்றபடி கெட்டியாக்கிவிட்டால், அதைக் கழற்றிய நாளில் வண்டியின் பின்பக்கம் துள்ளும். அதாவது மாட்டியதைக் கழற்றாமலே வைத்திருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

யூட்டே எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. நீளம் 5.3 மீட்டருக்கு மேல், இங்கே வாகன நிறுத்தத்தின் வழக்கமான கட்டமோ 5.4 மீட்டர். உயர்ந்த முகப்பு, குறுக்கே நடக்கும் சிறுபிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாத தூரம், டீசல் செலவு எல்லாம் உண்மை. தொழிலுக்கு வாங்கினால் கிடைக்கும் வரிச் சலுகைகள் இல்லாவிட்டால் இத்தனை யூட்டுகள் விற்றிருக்குமா என்பதும் சந்தேகம்தான். வருஷத்துக்கு நாலு தடவை குப்பை நிலையத்துக்குப் போகிறவருக்கு ஒரு சாதாரணக் காரும் வாடகை டிரெய்லரும் போதும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. பின்புறம் மூடி, பூட்டி, இழுப்பறை வைத்து, அதை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அந்த வேலைக்கென்றே பிறந்தது பிராடோ, எவரெஸ்ட் போன்ற மூடிய வேகன் வண்டிகள். எவரெஸ்ட் ரேஞ்சரின் அடித்தளத்திலேயே கட்டியது. அவற்றில் தூசி புகாது, பின்னால் காயில் ஸ்பிரிங், பாரமில்லாதபோதும் மென்மையாக ஓடும், சாமான் ஆக்ஸில்களுக்கு இன்னும் நெருக்கமாக உட்காரும். கேனப்பியையும் இழுப்பறையையும் கூரைக் கூடாரத்தையும் மாட்டிய யூட், அதே வேகனை அதிகப் பணம் கொடுத்து, அதிக எடையில், மோசமாகச் செய்துகொள்வதுதான். வேகனுக்கு இல்லாமல் யூட்டுக்கு மட்டும் இருக்கும் ஒரே சொத்து, மண்ணும் கல்லும் ஈரக் கிளையும் கவலையில்லாமல் கொட்டக்கூடிய அந்தத் திறந்த ஒன்றரை மீட்டர்.

நான் போட்ட எண்களை நம்ப வேண்டாம். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். குப்பை நிலையங்கள் பலவற்றில் எடைக்குத்தான் காசு வாங்குகிறார்கள் என்பதால் வாசலிலேயே எடை மேடை இருக்கும். சிலவற்றில் சிறு கட்டணத்துக்குப் பொதுமக்கள் வண்டியையும் நிறுத்துத் தருவார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு ஒரு பொது எடை மேடையாவது இருக்கும். அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் அன்று, டேங்கையும் தண்ணீர்க் கேன்களையும் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டே போங்கள். முழு வண்டியையும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒன்று, பின்சக்கரங்கள் மட்டும் இருக்கும்படி ஒன்று. மூன்று எண்களையும் உரிமையாளர் கையேட்டில் இருக்கும் மூன்று வரம்புகளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் முதலில் இடிப்பது பின் ஆக்ஸில் எண்ணாகத்தான் இருக்கும். அங்கிருந்து என்னென்ன கழற்றலாம் என்று பட்டியல் போடத் தொடங்கினால், முதல் ஆளாகக் கூரைக் கூடாரத்தை எழுதுங்கள்.